பள்ளிகளை ஒப்பிடுங்கால்



ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளிகளை ஒப்பிடுங்கால் நாம் கட்டடத்தையும் சுற்றுச்சுவரையுமே முதலில் நோக்குகிறோம். ஆசிரியர் எண்ணிக்கையையன்றோ நோக்க வேண்டும்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்; 90 வரை 3; 120 வரை 4. வகுப்புகளோ எங்கும் 5. எனவே 20 பிள்ளைகள் பயிலும் பள்ளியிலும், 58 பேர் பயிலும் பள்ளியிலும் இருவரே ஐந்து வகுப்புகளையும் நடத்துகின்றனர். ஒருவர் விடுப்பெடுத்தால் ஒருவரே! நூற்றுக்கு மேற்பட்டோர் பயிலும் பள்ளியோடு இவற்றை ஒரே தராசில் நிறுத்தலாமா? நஞ்சை விளைச்சலோடு மானாவாரியை நாம் ஒப்பிடுவதில்லையே.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. அடுத்த கூட்டத்தில் வருகைப் பதிவேட்டின் அறுவடை மாதப் பக்கங்களைப் புரட்டுவோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்போம்.