கொடுத்த கைகளுக்கு நன்றி
(பழைய மாணவிகள் சங்கத்தின் கனடாக் கிளை ஒன்றுகூடலில் ஆற்றிய நன்றியுரை)



ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபுரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைப்பதற்கான நிதிசேகரிப்பு 2018 இல் தொடங்கியது. இலக்கு 30 இலட்சம் கனடிய டொலர். 2021 இல், கொவிட் எங்கள் எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்த காலத்தில், அந்த இலக்கு எட்டப்பட்டது. கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லும் பொறுப்பை இன்று என்னிடம் தந்திருக்கிறீர்கள்.

ஹார்வார்ட் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலர் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாழும் இரண்டு வைத்தியர்கள் ஆளுக்கு 5 இலட்சம் கொடுத்து அதைத் தொடக்கி வைத்தார்கள். நானும் வைத்தியர்தான். ஆனால் வீட்டுக்கடன் கட்டுகிற வைத்தியர். எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். இருபது டொலர் வந்தது, ஐம்பது வந்தது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிற ஒருத்தி மாதாமாதம் அனுப்பினாள். ஓய்வூதியத்தில் வாழும் எங்கள் ரீச்சர் ஒருவர், “பிள்ளை, என்ர பெயரை ஒரு இடத்திலும் போடாதே” என்று சொல்லித்தான் காசோலையைத் தந்தார். ரீச்சர், நீங்கள் சொன்னபடி உங்கள் பெயரை நான் இங்கே சொல்லவில்லை.

இந்தப் பணம் செலவழிந்து போகிற பணம் அல்ல. முதல் அப்படியே இருக்கும். அதன் வருவாயில்தான் இருக்கை நடக்கும். நூற்றுக்கு நான்கு என்று கணக்கிட்டாலே ஆண்டுக்கு 1,20,000 டொலர். அந்த இரவு வேலைக்காரியின் இருபது டொலர், அவளுடைய பேரப்பிள்ளை பல்கலைக்கழகம் போகும் காலத்திலும் வேலை செய்துகொண்டிருக்கும்.

“தமிழ் படித்து என்ன பயன்?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. என் தொழிலில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் அவசரசிகிச்சைப் பிரிவுக்கு ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். “நெஞ்சு உளையுது” என்றார். மொழிபெயர்த்த பேத்தி இங்கே பிறந்த பிள்ளை. அவளுக்கு ‘மன உளைச்சல்’ என்ற சொல் தெரியும். ‘உளைவு’ என்றால் நோவு என்பது தெரியாது. பாட்டிக்கு மனக்கவலை என்று சொல்லிவிட்டாள், குறிப்பிலும் அப்படியே எழுதப்பட்டது. தற்செயலாக அந்தப் பக்கம் போன நான் அம்மாவுடன் பேசினேன். உடனே ஈ.சீ.ஜீ. எடுத்தோம். மாரடைப்பு. நல்ல காலம், தப்பிவிட்டார். அந்தப் பேத்தி அழுதுகொண்டே என்னிடம், “அந்தச் சொல்லை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை” என்றாள். அவள் மேல் பிழை இல்லை. என் மகளுக்கும் அந்தச் சொல் தெரியாது. அன்று வீட்டுக்குப் போய்த்தான் சொல்லிக் கொடுத்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயாளியின் மொழி வைத்தியனுக்கு வேண்டும் என்பது எங்கள் மண்ணுக்குப் புதிய பாடம் அல்ல. பல்கலைக்கழகத் தமிழுக்கும் எங்கள் ஆட்கள்தான் முன்னே போனார்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவரே முதல்வர். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் பிறந்த தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டினார். நாங்கள் அந்த வழியில் ஒரு சிறு கல்லை வைத்திருக்கிறோம்.

இன்னொருத்திக்கும் நான் நன்றி சொல்லவேண்டும். அவள் ஒரு சதமும் தரவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் என்னோடு கைகோத்து நடந்தவள். தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் எங்கள் ரீச்சர்மார் வகுப்பு நடத்தியபோது ஒரே ஜாம் போத்தல் விளக்கில் என்னோடு படித்தவள். இன்று வன்னியில் ஆசிரியை. காசு கேட்ட என் செய்திக்கு அவள் அனுப்பிய பதில் இது: “ஏற்கெனவே காசு இருக்கிற யூனிவர்சிற்றிக்கு ஏனடி குடுக்கிறியள்? இஞ்ச எங்கட ஆய்வுகூடத்துக்குத் தண்ணிக் குழாயே இல்லை.”

ஒரு கிழமை என்னால் பதில் எழுத முடியவில்லை. அவள் சொன்னது சரி. பிறகு தொலைபேசியில் எடுத்து அந்த அம்மாவின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “சரி, குடுங்கோ. ஆனா அது முடிஞ்ச பிறகு எங்களை மறக்காதேங்கோ” என்றாள்.

அது முடிந்துவிட்டது. ஆகவே இந்த நன்றியுரையை நான் இத்துடன் நிறுத்தக் கூடாது. இலட்சக்கணக்கான டொலர் தேவையில்லை. ஒரு ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர், மேசை, உபகரணம். அன்று இருபது டொலர் தந்த அதே கைகள் போதும். எங்கள் வகுப்பு தொடங்கிவிட்டது. வாசலில் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம், போகும்போது பாருங்கள். பெயர் எழுத விரும்பாதவர்கள் ரீச்சரைப் போலப் பெயரில்லாமலே தரலாம்.

மரத்தின் கீழ் எங்களுக்குப் படிப்பித்தவர்கள் சம்பளம் வருமா என்று பார்த்துப் படிப்பிக்கவில்லை. எங்கள் பாடசாலை எங்களுக்குத் தந்தது அதுதான். நாங்கள் கொடுத்தது அதில் ஒரு பங்கு வட்டி மட்டுமே. முதல் இன்னும் கடனாகவே இருக்கிறது.

கொடுத்த ஒவ்வொருவருக்கும், கேள்வி கேட்ட என் தோழிக்கும், என் மனமார்ந்த நன்றி.