இறைத்தோம், எண்ணினோமா?

(பூவிருந்தவல்லியில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொழியைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று கிணற்றைப் பற்றிப் பேசுகின்றேன். இரண்டும் அவ்வளவு தொலைவிலுள்ளவை அல்ல.

நம் தொண்டைநாட்டில் ஏற்றம் இறைத்தோர் பாடிய பாட்டை, வெறும் களைப்பாற்றும் பாட்டென்று நம் மாணவர் எழுதுகின்றனர். அன்று, அது எண்ணும் பாட்டு. சாலுக்குச் சால் எண் ஏறிக்கொண்டே போகும். பாட்டு எந்த எண்ணில் நின்றது என்று கேட்டே, எந்தக் கழனிக்கு எவ்வளவு பாய்ந்தது என்று என் தந்தையார் சொல்லுவார். எழுதப் படிக்கத் தெரியாத உழவன் தான் எடுத்த நீருக்கு ஊரறியக் கணக்குச் சொன்னான். உத்தரமேரூர்க் கல்வெட்டில், முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், ஏரி வாரியம் என்றே ஓர் அமைப்பு இருந்ததைக் காண்கின்றோம். நீரை ஆள்வது ஊராரின் பொதுப்பணி என்று கருதியவர் நம் முன்னோர்.

மின்னெக்கி வந்தது, பாட்டு நின்றது, எண்ணுவதும் நின்றது. உழவுக்குக் கட்டணமில்லா மின்னாற்றல் வந்தபின், மீட்டர் என்று வழங்கும் அளவியும் கொட்டகையில் தேவையற்றதாயிற்று.

அப்படியானால் அரசு எவ்வாறு கணக்கிடுகின்றது? 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களுள் 462-இல், ஓராண்டில் எடுக்கத்தகும் நீருக்கும் மேலாக இறைக்கப்பட்டிருந்தது. ('பிர்க்கா' போய்க் 'குறுவட்டம்' வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. பெயர் திருந்தியது, கணக்கு திருந்தவில்லை.) நீர்மட்டத்தை நோக்குகிணறுகளில் உண்மையாகவே அளக்கின்றனர். அதில் குறையில்லை. ஆனால் இறைத்த நீரை யாரும் அளப்பதில்லை. கிணறு இத்தனை, ஒரு கிணறு பருவத்துக்கு இவ்வளவு இறைக்கும் என்று ஒரு மதிப்பை வைத்துப் பெருக்குகின்றனர். வரவை அளந்து, செலவை உன்னிப்பால் எழுதும் குடும்பக் கணக்கை எந்த இல்லத்தரசி ஒப்புவார்?

இதனால் கெடுபவன் யார்? நமக்கு வடக்கே பாருங்கள். ஆரணியாறும் கொற்றலையாறும் பாயும் நிலத்தில், தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று 1960-களின் இறுதியிலிருந்து சென்னைக்காகக் கிணற்றுக் களங்கள் அமைந்தன. உழவரும் இறைத்தனர், நகரமும் இறைத்தது, ஆலைகளும் இறைத்தன. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கல் தொலைவு உட்புகுந்தது. நன்னீர் இருந்த அப்பகுதியிலேயே, 2010-இல், நாளொன்றுக்கு 10 கோடி இலிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையைக் கட்டவேண்டியதாயிற்று! வறட்சி வந்தபோதெல்லாம் உழவரின் கிணற்றுநீரே விலைக்கு நகரம் சென்றது. விற்றவனுக்குப் பணம் கிடைத்தது. விற்காத அண்டை நிலத்தானின் கிணறும் வற்றியது. எவர் எவ்வளவு எடுத்தார் என்ற ஏடு இல்லாமையால், வற்றியவன் எதைக் காட்டி முறையிடுவான்?

சட்டம் இல்லையா எனில், உண்டு. சென்னைக்கும் சுற்றுப்புற ஊர்கள் சிலவற்றுக்கும் 1987-இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. தமிழ்நாடு முழுமைக்கும் 2003-இல் இயற்றிய சட்டம் 2013-இல் நீக்கப்பட்டுவிட்டது.

உழவர் அளவி என்றாலே அஞ்சுகின்றனர். இன்று அளப்பான், நாளை கட்டணம் கேட்பான் என்கின்றனர். அவ்வச்சத்தை நான் எள்ளமாட்டேன். கடனில் உழல்பவன் அஞ்சத்தான் செய்வான். ஆயினும் அவன் அளக்காதிருப்பதால் ஊதியம் பெறுவோர் தண்ணீர்ச் சரக்குந்துக்காரர்களே. ஆகவே பிறர் அளக்குமுன் நாமே அளந்துகொள்வோம் என்கின்றேன். ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களில், 2003 முதல் சில ஆண்டுகள், உழவர் தாமே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, ஊர்ச்சுவரில் எழுதி, இருக்கும் நீருக்கேற்பப் பயிரைத் தெரிந்தனர். தெலுங்கு உழவனுக்கு இயன்றது நமக்கு இயலாதா?

கருவி ஏதும் வேண்டா. 200 இலிட்டர்ப் பீப்பாய் ஒன்று, கடிகாரம் ஒன்று. எக்கியின் வாயில் பீப்பாயை வையுங்கள். 40 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 5 இலிட்டர். மணிக்கு 18,000. ஆறு மணிநேரம் ஓடினால் 1,08,000 இலிட்டர். அஃதாவது 12,000 இலிட்டர்ச் சரக்குந்து ஒன்பது! நீர்மட்டம் இறங்க இறங்க எக்கி தள்ளும் அளவும் குறையும். எனவே திங்களுக்கு ஒருமுறை பீப்பாயை மீண்டும் வைக்கவேண்டும். எக்கி ஓடிய நேரத்தை நாள்தோறும் ஓர் ஏட்டில் குறியுங்கள். குறிப்பு தமிழில் இருக்கட்டும், தமிழ் எண்ணிலும் இருக்கட்டும். ஆனால் பக்கத்தில் வழக்கிலுள்ள எண்ணையும் எழுதுங்கள், அலுவலர் படிக்கவேண்டுமே!

உலக நீர்நாளாகிய மார்ச்சு 22-இல் ஊரவை கூடுவது தமிழ்நாட்டில் நடைமுறையாகியுள்ளது. அவ்வவையில் இவ்வேட்டைப் படித்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஆவடியும் பூவிருந்தவல்லியும் நகரங்களாகிவிட்டன. இங்குள்ளோர் ஆழ்துளைக் கிணற்றுக்கும் இதே கணக்கை எழுதலாம், வெட்கம் வேண்டா.

பீப்பாய் என் வீட்டில் இருக்கின்றது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருவோர் பெயர் கொடுங்கள். முதலில் என் தமையனார் கிணற்றில் வைத்துப் பார்ப்போம்.