சிறுவர்களுக்குச் சித்திரப் பயிற்சி



கடனும் தவணையும் பேசும் கூட்டத்தில் சித்திரத்துக்கு என்ன வேலை என்று சிலர் ஐயுறலாம். சந்தையில் மாடு வாங்குவோன் அதன் பின்காலின் கோணலைக் கவனியாது விட்டுவிடுகிறான். இலையின் அடிப்புறத்தில் பூச்சி முட்டையிட்டிருப்பதைக் காணாமல் மற்றொருவன் வரப்பில் நடந்து போகிறான். பின்னர் இருவரும் கடன் கேட்டுச் சங்கத்துக்கு வருகின்றனர். உற்றுநோக்கும் பழக்கம் இளமையிலேயே அமைய வேண்டும். அதற்குச் சித்திரம் வரைதல் செலவற்ற சாதனமாகும்.

இதற்குப் பாடப்புத்தகத்தைத் தேட வேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டு வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மாமல்லபுரத்தில், கிருஷ்ண மண்டபத்துப் பாறையில் பல்லவர் காலத்துச் சிற்பி ஒரு பசுவைச் செதுக்கியிருக்கிறான். ஆயன் அமர்ந்து பால் கறக்கிறான். பசுவோ திரும்பித் தன் கன்றை நக்குகிறது. அருகிலுள்ள பெரும்பாறைச் சிற்பத்தில் யானைகளும், தவம் செய்யும் பூனையும், பின்காலால் முகத்தைச் சொறியும் மானும் உள்ளன. இவற்றைச் செய்தவர்கள் தொழுவத்திலும் காட்டிலும் நெடுநேரம் நின்று பார்த்தவர்களாகவே இருத்தல் வேண்டும்.

பயிற்சியின் முறை வருமாறு: பசுச் சிற்பத்தின் படம் ஒன்றைச் சிறுவர் முன் வைத்து, சற்று நேரம் பென்சிலைத் தொடவிடாமல் பார்க்கச் செய்க. முதலில் முதுகின் கோட்டையும் வயிற்றின் கோட்டையும் மட்டும் மெல்லென வரையட்டும். பிறகு கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்துத் தலையின் நீளத்தை அளந்து, உடல் அதைப்போல் எத்தனை மடங்கு என்று கணக்கிடட்டும். கால்களும் கொம்பும் அதன் பின்னரே வர வேண்டும். கண், வால்மயிர் முதலியவை கடைசியில்.

ஆயினும் படத்தைப் பார்த்தெழுதுவதோடு நின்றுவிடலாகாது. ஜெர்மனி தேசத்து ஓவியர் ட்யூரர் 1515-இல் காண்டாமிருகம் ஒன்றை வரைந்தார். அது குஜராத்திலிருந்து லிஸ்பன் நகருக்கு அனுப்பப்பட்ட பிராணி. அவர் அதை நேரில் கண்டதில்லை. பிறர் அனுப்பிய குறிப்பையும் படத்தையும் நம்பியே வரைந்தார். ஆதலால் இல்லாத சிறு கொம்பொன்று அதன் தோளருகே முளைத்துவிட்டது. மகா சமர்த்தரின் படமாயிற்றே என்று மற்றவர்களும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்கொம்பையும் சேர்த்தே எழுதி வந்தனர். பெரியோர் செய்ததாயினும் நேரில் ஒப்பிட்டுப் பாராதது தவறாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பதரிது.

ஆகவே சிற்பத்தைப் பார்த்து எழுதிய சிறுவன், மறுநாள் அத்தாளுடன் தன் வீட்டுத் தொழுவத்துக்குச் செல்ல வேண்டும். காது கொம்பிற்கு மேலா, கீழா? முன்காலின் முட்டி எப்புறம் புடைத்திருக்கிறது, பின்காலினது எப்புறம்? குளம்பு பிளவுபட்டுள்ளதா? இவற்றை அவனே கண்டு, வேறொரு தாளில் மாட்டை வரையட்டும். அழகாயிருக்கிறதா என்று பெற்றோர் கேட்க வேண்டாம்; "புதிதாக என்ன கண்டாய்?" என்று கேட்டாற் போதும். கோணலான கோட்டைக் கண்டு நகைத்தால், பிள்ளை அன்றே பென்சிலைக் கீழே வைத்துவிடும்.

சங்கத்தின் பொதுநல நிதியில் அனுமதியுள்ள அளவுக்குத் தாளும் பென்சிலும் வாங்கித் தரலாம். அறுவடை முடிந்தபின் ஒருநாள் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்று கற்பசுவை நேரில் காட்டுவதும் நலம். பாதுகாக்கப்பட்ட சின்னமாதலால், கல்லின்மேல் சுண்ணக்கட்டியால் கோடிடவோ, தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்கவோ கூடாது.

ஒரு மாட்டை ஒழுங்காகப் பார்த்து வரையத் தெரிந்த பிள்ளை, வளர்ந்தபின் கைச்சாத்திடும் பத்திரத்தையும் முழுதும் பார்த்தே கைச்சாத்திடும். சங்கத்துக்கும் குடும்பத்துக்கும் அதனினும் சிறந்த ஈடு வேறில்லை.