கொத்துப்படுகிற குஞ்சைக் கையில் எடுங்கள்



திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தாய்க்கோழியின் பின்னால் குஞ்சுகள் மேய்வதை இன்றும் பார்க்கிறோம். பொரிப்பகத்திலிருந்து ஐம்பது, நூறு என்று நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி, பல்பு வெளிச்சத்தில் வளர்க்கிற வீடுகளும் இருக்கின்றன. அங்கெல்லாம் எழுகிற கேள்வி ஒன்று: "குஞ்சுங்க ஒண்ணையொண்ணு கொத்தியே சாகடிக்குதே, என்ன மருந்து கொடுக்கலாம்?"

முதலில் அது எந்தக் கொத்தல் என்று பாருங்கள். சில வார வயதுக் குஞ்சுகள் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு நேருக்கு நேர் நின்று எம்பும். ஒன்று பின்வாங்கியதும் சண்டை முடிந்துவிடும். தங்களுக்குள் யார் முதல், யார் அடுத்தது என்று அவை வகுத்துக்கொள்கின்றன. நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரூப் எபே சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1920களில் இந்த வரிசையைப் பற்றி எழுதினார். அசில் இனக் குஞ்சுகளிடம் இந்த எம்பல் இன்னும் அதிகம். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது சத்தமில்லாத கொத்தல். கால் விரலை, ஆசனவாயை, புதிதாக முளைக்கும் இறகின் அடியைக் குறிவைத்துக் கொத்தும். அடிபடும் குஞ்சு எதிர்க்காது. ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் கூடிவிடும்; விடிவதற்குள் குடலை உருவிப்போட்டிருக்கும்.

இதைக் குஞ்சின் கெட்ட குணம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குறை நாம் அமைத்துத் தந்த இடத்தில் இருக்கிறது. முதல் மாதத்தில் ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி இடமாவது வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் போதும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில், ஓட்டுக் கொட்டகைக்குள் பகலிலும் பல்பு எரிந்தால் குஞ்சு என்ன செய்யும்? பல்பை விட்டு விலகி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். அடியில் குவிந்து கத்தினால் குளிர். பரவலாகப் படுத்திருந்தால் சரி. கண்ணைக் கூசும் வெளிச்சமும் கொத்தலைத் தூண்டும். மங்கலான சிவப்பு பல்பு நல்லது. வெறும் குருணையும் தவிடும் போட்டால் புரதமும் உப்பும் போதாமல் இறகைக் கொத்தித் தின்னும். குஞ்சுத் தீவனம் கொடுங்கள். ஒரு கீரைக்கட்டைத் தலைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் அலகுக்கு வேலை கிடைக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரே குஞ்சு திரும்பத் திரும்பக் கொத்துப்படுகிறதா? அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். நோயில் சோர்ந்த குஞ்சைத்தான் மற்றவை எளிதில் குறிவைக்கும். பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். பிய்த்தால் தோல் கிழியும். காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி, ஆறும்வரை தனிக்கூண்டில் வையுங்கள்.

எச்சத்தின் நிறத்தையும் பாருங்கள். மூன்று வார வயதுக்கு மேற்பட்ட குஞ்சு ரத்தம் கலந்து கழிந்தால் அது ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீழே பரப்பிய உமி ஈரமாகிக் கட்டிதட்டும்போது அந்த நோயின் கிருமி பெருகும். உமியைத் தினமும் கிளறிவிட்டு, தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்ததை அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மருந்தைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் கேட்கும்.

வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய் அப்படியல்ல. அது வைரஸ், வந்தபின் மருந்து கிடையாது. குஞ்சுக்கு ஏழு நாள் ஆகும்போது கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட வேண்டும். நான்காவது வாரம் மறுபடியும், எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. மருந்தை ஐஸில் வைத்தே கொண்டுவாருங்கள். கலக்கியதும் தாமதிக்காமல் போட்டுவிடுங்கள். 1932 முதல் இராணிப்பேட்டையில் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய மருந்துகளைத் தயாரிக்கிறது. வளர்ப்பு முறை பற்றிய சந்தேகங்களைக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

குஞ்சு இறந்துவிட்டால் குப்பையிலோ குளத்திலோ வீசாதீர்கள். பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அறுத்துக் குடலைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் குஞ்சுகளுக்கு என்ன கொடுப்பது என்று மருத்துவர் அங்கேயே சொல்லிவிடுவார்.