அந்தக் கோட்டு யாருடையது? கடற்கொள்ளையரின் உடையும் நாம் கண்ட படங்களும்



கடற்கொள்ளையன் ஒருவனை வரையச் சொன்னால் எந்த ஊர்ப் பிள்ளையும் ஒரே படத்தைத்தான் வரையும். தலையில் இறுக்கிக் கட்டிய சிவப்புத் துணி, காதில் வளையம், ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை, இடுப்பில் அகலமான கச்சை, முழங்கால் தாண்டிய காலணி, தோளில் கிளி. இந்த உருவத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதே என் பேச்சின் பொருள். உடையைப் பற்றிய பேச்சு என்பதால் இதை மேம்போக்கான பொருளாக எண்ணிவிட வேண்டாம். ஒரு மனிதன் உடுத்திய துணி, அவன் என்ன வேலை செய்தான், என்ன கூலி வாங்கினான், யாருக்குக் கட்டுப்பட்டான் என்பதையெல்லாம் சொல்லும். தவறான உடையை மாட்டிவிட்டால் அந்தச் செய்திகள் அத்தனையும் மறைந்துபோகும். கடற்கொள்ளையர் விஷயத்தில் நடந்தது அதுதான்.

நான் பேசப்போவது அட்லாண்டிக் கடலையும் இந்தியப் பெருங்கடலையும் கலக்கிய ஆங்கிலேயக் கொள்ளையரைப் பற்றி. பெரும்பாலும் 1716 முதல் 1722 வரையிலான சில ஆண்டுகள். பிளாக்பியர்ட், பார்த்தலோமியூ ராபர்ட்ஸ், ஜாக் ராக்கம் என்று நாம் கேட்டிருக்கும் பெயர்கள் எல்லாம் இந்தக் குறுகிய காலத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

நம் மனத்தில் இருக்கும் உருவமோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது. ஹோவர்ட் பைல் என்ற அமெரிக்க ஓவியர் 1880களிலிருந்து பத்திரிகைகளுக்குக் கொள்ளையர் படங்களை வரைந்தார். துப்பாக்கியையும் கப்பலையும் கவனமாகப் பார்த்து வரைந்தவர் அவர். உடைக்கு வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. உண்மையான மாலுமியின் உடையைப் போட்டால் கொள்ளையன் மற்ற மாலுமிகளோடு கலந்துவிடுவான். படத்தில் தனித்துத் தெரியமாட்டான். எனவே ஸ்பெயின் நாட்டு உழவரும் நாடோடிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அணிந்த கச்சையையும் தலைத்துணியையும் காது வளையத்தையும் எடுத்து, பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேய மாலுமிக்கு மாட்டினார். அவருடைய மாணவர் என்.சி. வயத் 1911ஆம் ஆண்டு ‘டிரஷர் ஐலண்ட்’ நாவலின் பதிப்புக்கு வரைந்த படங்கள் அந்த உருவத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. 1926இல் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் நடித்த ‘தி பிளாக் பைரேட்’ அதைத் திரையில் வண்ணத்தோடு உலவவிட்டது. பிறகு வந்த படங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவை.

பைலை நான் குறைசொல்ல வரவில்லை. சிறந்த ஓவியர், ஓவியருக்கு வண்ணம் வேண்டும். அவருக்கு முன்பே இந்தத் திரிபு தொடங்கிவிட்டது. கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்ற பெயரில் 1724இல் லண்டனில் வெளிவந்த கொள்ளையர் வரலாற்று நூலின் படத்தில், ஆன் பானி, மேரி ரீட் ஆகிய இரு பெண் கொள்ளையரும் ஆண்களின் சட்டையும் கால்சட்டையும் அணிந்து நிற்கிறார்கள். மறு ஆண்டே வந்த டச்சுப் பதிப்பின் படத்தில் அவர்களுடைய மார்பு திறந்துகிடக்கிறது. விற்பனைக்காக உடையைக் கழற்றுவதற்கு ஓராண்டுகூடப் பொறுக்கவில்லை.

சரி, உண்மையில் அவர்கள் என்ன உடுத்தினார்கள்? மாலுமிகள் உடுத்தியதைத்தான். கொள்ளையரில் மிகப் பெரும்பாலோர் சரக்குக் கப்பலிலோ போர்க்கப்பலிலோ வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். ஆங்கிலக் கடற்படையின் சாதாரண மாலுமிக்குச் சீருடை என்று ஒன்று வந்ததே 1857இல்தான். அதற்கு முன் கப்பலில் ஆயத்த உடைகளை விற்றார்கள். அதற்கான தொகை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. 1706ஆம் ஆண்டுக் கடற்படை ஒப்பந்தம் ஒன்று அந்த உடைகளை விலையோடு பட்டியலிடுகிறது. சிவப்புப் பருத்தி உள்துணி வைத்துத் தைத்த சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை, பதினைந்து பித்தளைப் பொத்தான்களோடு, பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். நீலக் கட்டம் போட்ட லினன் சட்டை, சிவப்புக் கால்சட்டை, சாம்பல்நிறக் காலுறை, தோல் தொப்பி ஆகியவையும் அதில் உண்டு. அமைதிக் காலத்தில் சரக்குக் கப்பல் மாலுமியின் மாதக் கூலி சுமார் 25 ஷில்லிங். ஒரு மேல்சட்டைக்கு ஏறக்குறைய அரைமாதக் கூலி போய்விடும்.

அந்தச் சட்டை குட்டையாக இடுப்போடு நின்றதற்குக் காரணம் வேலை. பாய்மரத்தில் ஏறி, கயிற்றில் கால் ஊன்றி, காற்றில் அடித்துக்கொள்ளும் பாயைச் சுருட்டுகிறவனுக்குத் தொங்கும் மேலங்கி எமன். அதனால்தான் கடலோடிகளைக் கரையில் தூரத்திலிருந்தே அடையாளம் காண முடிந்தது. நிலத்தில் இருப்பவர்கள் முழங்காலுக்குக் கீழே இறுகிய கால்சட்டையும் நீண்ட கோட்டும் அணிந்த காலத்தில், இவர்கள் தொளதொளத்த கால்சட்டையும் குட்டைச் சட்டையும் தாரின் வாசனையுமாக நடந்தார்கள். முழங்கால் தாண்டிய தோல் காலணி குதிரைக்காரர்களுடையது. ஈரமான மரத்தளத்தில் அதைப் போட்டுக்கொண்டு எவரும் வேலை செய்யமாட்டார்.

இனி பட்டு, வெல்வெட், சரிகை. இவை பொய்யல்ல. 1722 பிப்ரவரி 10ஆம் நாள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் தன் கடைசிச் சண்டைக்கு நின்றபோது, சிவந்த டமாஸ்க் பட்டில் வெயிஸ்ட்கோட்டும் கால்சட்டையும் அணிந்திருந்தார் என்கிறது ஜான்சனின் நூல். தொப்பியில் சிவப்பு இறகு, கழுத்தில் வைரச் சிலுவை கோத்த தங்கச் சங்கிலி, தோளில் பட்டு வாரில் கைத்துப்பாக்கிகள். சாமானியர் பட்டு உடுத்துவதைத் தடுத்த அரச சட்டத்தை மீறவே கொள்ளையர் இப்படி உடுத்தினார்கள் என்று பல நூல்கள் எழுதுகின்றன. இங்கிலாந்தில் அத்தகைய உடைச் சட்டங்கள் 1604இலேயே நீக்கப்பட்டுவிட்டன. ராபர்ட்ஸ் மீறுவதற்கு அப்படி ஒரு சட்டமே இல்லை.

பட்டு வாங்கத் தடையாக இருந்தது காசுதான். ஆகவே நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு: கொள்ளையடித்த கப்பலில் கிடைத்த ஒரு நல்ல கோட்டு யாருக்குச் சொந்தம்?

இதற்கு அவர்களிடமே விதி இருந்தது. ராபர்ட்ஸின் கப்பலில் எழுதி ஒப்புக்கொண்ட விதிகளில் ஒன்று, பிடிபட்ட கப்பலில் ஏறும் முறை எல்லோருக்கும் பட்டியல்படி வரிசையாக வரவேண்டும் என்கிறது. காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது: அப்படி ஏறுகிறவனுக்கு, அவன் பங்குக்கு மேலாக, ஒரு மாற்று உடை எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. மாதக் கூலியில் ஏறக்குறையப் பாதியை விழுங்கும் ஒரு சட்டை முறை வைத்துக் கிடைக்கிறது. அதை வாங்கிப் பழகியவனுக்குத்தான் அந்த விதியின் அருமை தெரியும்.

இத்தகைய விதிகள் மற்றக் கொள்ளையரிடமும் எவ்வளவு கண்டிப்பாக இருந்தன என்பதை வில்லியம் ஸ்னெல்கிரேவ் காட்டுகிறார். இவர் அடிமை வணிகக் கப்பலின் தலைவர்; மனிதரை விற்ற மனிதர் என்பதை மறக்காமல்தான் இவர் எழுத்தைப் படிக்க வேண்டும். 1719இல் சியரா லியோனில் காக்லின், ஹவெல் டேவிஸ், லா பூஷ் என்ற மூன்று கொள்ளைத் தலைவர்களிடம் பிடிபட்டார். அவருடைய சரக்கில் சித்திரத் தையல் போட்ட மூன்று பழைய கோட்டுகள் இருந்தன. மூன்று தலைவர்களும் அவற்றைக் கேட்டு வாங்கி, கரையில் பெண்களைப் பார்க்கப் போவதற்காக உடுத்திக்கொண்டார்கள். காக்லின் குள்ளமானவர், அவர் பங்குக்கு வந்ததோ இருப்பதில் நீளமானது, வெள்ளி இழை போட்ட செந்நிறக் கோட்டு. அது கிட்டத்தட்டக் கணுக்காலைத் தொட்டது. மாற்றித் தரும்படி கேட்டார். இந்தக் கரைக்காரர்களுக்கு வெள்ளையரின் உடைப் பாங்கு தெரியாது, சிவப்பும் வெள்ளியுமாக இருக்கிற உன்னையே பெண்கள் அதிகம் விரும்புவார்கள் என்று மற்ற இருவரும் அவரைச் சமாதானப்படுத்தினார்கள்.

நாம் வரையும் படம் இந்த இடத்தில் நின்றுவிடும். பட்டுக்கோட்டுத் தலைவன் கிடைத்துவிட்டானே. கதை அடுத்து எங்கே போகிறது என்று கேளுங்கள். மறுநாள் காலை மாலுமிகள் கொதித்துப்போனார்கள். கொள்ளைப் பொருளுக்குப் பொறுப்பானவர் குவார்ட்டர்மாஸ்டர்; அவர் அனுமதி இல்லாமல் தலைவர்கள் எப்படி எடுக்கலாம்? இன்று கோட்டை விட்டால் நாளை விரும்பியதையெல்லாம் எடுத்துக்கொள்வார்களே! தலைவர்கள் கரையிலிருந்து திரும்பியதும் கோட்டுகள் பறிக்கப்பட்டன. பொதுப் பெட்டியில் போடப்பட்டன. பாய்மரத்தடியில் ஏலத்துக்கு வைக்கப்பட்டன. இந்தக் கோட்டு விவகாரத்தில் ஸ்னெல்கிரேவின் உயிருக்கே ஆபத்து வந்தது.

கடற்கொள்ளையரைப் பற்றி எனக்குத் தெரிந்த செய்திகளில் இதைவிடப் பெறுமதியானது இல்லை. வணிகக் கப்பலில் தலைவர் வைத்ததுதான் சட்டம். சாட்டையும் அவர் கையில். அங்கே முதுகு உரிய வேலை பார்த்தவர்கள், இங்கே தலைவனின் தோளிலிருந்து கோட்டைக் கழற்றினார்கள். இவர்கள் கொடியவர்களும்தான், சித்திரவதை செய்தார்கள், கொன்றார்கள். இரண்டும் உண்மை. கச்சையும் காது வளையமும் போட்ட பொம்மை இந்த இரண்டில் ஒன்றையும் நமக்குச் சொல்வதில்லை.

தலைத்துணியைப் பற்றி ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அது முழுக்கக் கற்பனையல்ல. 1720 நவம்பரில் ஜமைக்காவில் ஆன் பானி, மேரி ரீட் மீது நடந்த வழக்கில், தோணியில் கொள்ளைபோன டாரதி தாமஸ் என்ற பெண் சாட்சி சொன்னார்: இருவரும் ஆண்களின் சட்டையும் நீண்ட கால்சட்டையும் அணிந்து, தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள், கையில் வெட்டுக்கத்தியும் துப்பாக்கியும் இருந்தன. வேறு சாட்சிகள், சண்டை வரும்போதுதான் அவர்கள் ஆண் உடைக்கு மாறுவார்கள், மற்ற நேரத்தில் பெண் உடைதான் என்றார்கள். ஆக, அது வேலைக்கான உடை. வெயிலுக்கும் வியர்வைக்கும் கட்டிய துணி.

அவர்களுடைய தலைவர் ஜாக் ராக்கமுக்குக் காலிகோ ஜாக் என்று பட்டப்பெயர் வரக் காரணம் அவர் விரும்பி அணிந்த காலிகோ என்னும் பருத்தித் துணி. கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கிய அந்த வகைத் துணியை நம் சோழமண்டலக் கரையின் நெசவாளர்களும் கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டுகளில் லண்டன் நெசவாளர்கள், இந்தியத் துணி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து உடையைக் கிழித்தார்கள். அச்சிட்ட காலிகோவை உடுத்தவே தடைபோடும் சட்டம் 1721இல் வந்தது. இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கு அடி வாங்கித்தந்த துணி, கரீபியனில் ஒரு கொள்ளையனின் அன்றாட உடை.

கண்பட்டைக்கு அக்காலச் சான்று கிடையாது. இருட்டான கீழ்த்தளத்தில் உடனே கண் தெரிவதற்காக ஒரு கண்ணை மூடிவைத்தார்கள் என்பது அழகான விளக்கம். ஆனால் அக்காலத்தவர் எவரும் அப்படி எழுதிவைக்கவில்லை. அடக்கச் செலவுக்காகத் தங்க வளையம் போட்டார்கள் என்பதும் பிற்காலப் பேச்சே.

கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்றும் ஒன்று உண்டு. சாம் பெல்லமி என்ற கொள்ளைத் தலைவரின் விடா கப்பல் 1717 ஏப்ரலில் கேப் காட் அருகே புயலில் மூழ்கியது. 1984இல் அதைக் கண்டெடுத்தார்கள். அதிலிருந்து ஒரு சிறிய தோல் காலணியும் ஒரு பட்டுக் காலுறையும் அவற்றோடு ஒரு கால் எலும்பும் கிடைத்தன. எலும்பு எட்டு முதல் பதினொரு வயதுக்குள் இருந்த சிறுவனுடையது. 1716இல் பொனெட்டா என்ற கப்பலில் தாயோடு பயணம் செய்தபோது, தானும் கொள்ளையரோடு போவேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்துகொண்ட ஜான் கிங் என்ற சிறுவனாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொள்ளையர் உடை என்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றில் ஒன்று, ஒரு குழந்தையின் பட்டுக் காலுறை.

கொள்ளையர் படங்களில் வரும் மரக்காலைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். அதற்கு நம் ஊரோடு தொடர்பு உண்டு. 1725 முதல் 1730 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் ஜேம்ஸ் மக்ரே. அதற்கு முன் கசாண்ட்ரா என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் தலைவர். 1720 ஆகஸ்டில் கொமோரோஸ் தீவுகளில் ஒன்றான ஜொகானாவின் கரையில் எட்வர்ட் இங்கிலாந்து என்ற தலைவரின் கொள்ளையர் அவரைத் தாக்கினார்கள். கடுமையாகப் போரிட்டுக் கப்பலை இழந்த மக்ரே, பிறகு துணிந்து அவர்களிடமே பேசப் போனார். கொன்றுவிட வேண்டும் என்று பலர் கத்தியபோது, பயங்கர மீசையும் மரக்காலும் உடல் முழுக்கக் கைத்துப்பாக்கிகளுமாக ஒருவன் மேல்தளத்துக்கு வந்து, மக்ரேயின் கையைப் பிடித்துக்கொண்டான். இவர் நல்ல மனிதர், நான் இவரோடு கடலில் போயிருக்கிறேன், தொட்டவனை விடமாட்டேன் என்றான். ஒரு காலத்தில் அவரிடம் கூலிக்கு வேலை பார்த்த மாலுமி.

கொள்ளையர் கசாண்ட்ராவை எடுத்துக்கொண்டு, சேதமடைந்த தங்கள் கப்பல் ஒன்றை மக்ரேக்குக் கொடுத்தார்கள். கம்பெனியின் சரக்கில் 129 துணிப் பொதிகளையும் விட்டுவைத்தார்கள். அவருடைய சொந்த உடையில் மட்டும் ஒரு கந்தலைக்கூடத் திருப்பித் தரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். 48 நாள் பயணத்துக்குப் பின் அவரும் அவருடைய ஆட்களும் பட்டினியோடும் ஏறக்குறைய அம்மணமாகவும் பம்பாய் வந்துசேர்ந்தார்கள். பொதியில் இருக்கும் துணி விற்பனைச் சரக்கு. அதை விற்க ஒரு துறைமுகம் வேண்டும், உடையாக்க ஒரு தையற்காரன் வேண்டும். தைத்து முடித்த சட்டையை அன்றைக்கே போட்டுக்கொண்டு வேலைக்கு ஏறலாம். அதனால்தான் போலும், 129 பொதிகளை விட்டவர்கள் சட்டையை விடவில்லை.