நிழலும் ஒரு சட்டம்

கலிபோர்னியாவின் விளைநிலங்களில் திராட்சையும் தக்காளியும் பறிக்கும் கூலியாட்கள், கொளுத்தும் வெயிலில் தாகத்தையும் தளர்ச்சியையும் பொருட்படுத்தாது உழைத்து, மயங்கி விழுந்து மாண்டுபோகும் துயரம் மீண்டும் மீண்டும் நேர்ந்த பின்னரே, 2005ஆம் ஆண்டில், வெளியிடங்களில் உழைப்போரை உஷ்ணத்தினின்று காக்கும் விதிகளை, அமெரிக்க மாகாணங்களுள் முதலாவதாக, அம்மாகாணம் இயற்றிற்று.

இன்று அவ்விதிகள் கோருபவை இவைதாம்: ஆளொன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குளிர்ந்த நீர், வெப்பம் 80 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் நிழல், தேகம் தகிக்கிறதென்று தோன்றினால் ஐந்து நிமிஷத்திற்குக் குறையாத இளைப்பாறல். வியர்வை ஆவியாவதாலேயே உடல் குளிர்கிறது. வெயிலுக்குப் பழகாதவனிடம் அவ்வாறு வியர்த்துக் குளிரும் சக்தி முதிரச் சுமார் இரண்டு வாரம் செல்லுமாதலால், கடும் வெப்பத்தில் பணிபுரியும் புதியவரை முதல் 14 நாளும் மேற்பார்வையாளர் கூர்ந்து கவனித்தல் வேண்டும். 2024இல் கிடங்குகளுக்கும் சமையற்கூடங்களுக்கும் இத்தகைய விதிகள் வந்தன.

டெக்சாஸிலோ, கட்டடத் தொழிலாளருக்கு நான்கு மணிக்கொருமுறை பத்து நிமிஷ ஓய்வளித்த ஆஸ்டின், டல்லாஸ் நகரங்களின் விதிகளைச் செல்லாதனவாக்க, 2023இல் மாகாணச் சட்டமன்றமே ஒரு சட்டம் நிறைவேற்றிற்று.

சட்டம் எங்ஙனமாயினும், நம் வீட்டுக் கூரையைச் செப்பனிட வருபவர் கேட்குமுன்னரே அவருக்குத் தண்ணீர் கொடுத்து, சற்றே நிழலில் அமரச் சொல்லுங்கள். அவர் பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடலை நீரால் நனைத்துக் குளிர்வித்தவாறே, தாமதமின்றி 911ஐ அழையுங்கள்.