பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் ஒரு தலைமையாசிரியர் விளையாட்டைப் பற்றிப் பேசலாமா என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். பந்தும் கையுமாகப் பையன் புறப்பட்டால் படிப்புக் கெட்டது என்று கவலைப்படுவது நம் வீடுகளில் வழக்கம். அக்கவலையை நான் குறைகூறமாட்டேன். நம் வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு வீணானால் அதை ஈடுகட்ட நிலமும் இல்லை, கடையும் இல்லை. ஆயினும் இன்று நான் கூறவிருக்கும் பெரியவரின் வரலாறு, விளையாட்டைக் காட்டிலும் பெரிய செய்தி ஒன்றைத் தன்னுள் கொண்டது.

அவர் பெயர் பல்வங்கர் பாலு. 1876 இல் தார்வாரில், தோல் தொழிலுக்குரியதென ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பில் பிறந்தவர். தந்தையார் பூனாவில் இராணுவத்தைச் சார்ந்து பிழைத்தவர். படைவீரர்கள் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் கொண்டே பாலுவும் அவர் தம்பியரும் ஆடப் பழகினர். சிறுவன் பாலு முதலில் பார்சிகளின் கிரிக்கெட் கழகத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளையிடும் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 3 ரூபாய். பின்பு 1892 அளவில் வெள்ளையர்களின் பூனா கழகத்தில் 4 ரூபாய்ச் சம்பளத்திற்கு அமர்ந்தார்.

அங்கே வலை கட்டுவதும் களத்தில் கோடு இடுவதும் அவர் பணி. துரைமார் மட்டை பிடித்துப் பழகுவதற்கு யாராவது பந்து வீசவேண்டுமல்லவா? அதுவும் பாலுவின் தலையில் விழுந்தது. கிரெய்க் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர், தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்பர். கணக்குப் போட்டுப் பாருங்கள், பிள்ளைகளே! எட்டு முறை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம். இத்தனை மணிநேரம் வீசியும், ஒருநாளேனும் மட்டையை வாங்கி ஆடிப்பார் என்று அக்கழகத்தில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. மட்டை பிடிப்பது எசமானர் வேலை, பந்து பொறுக்கி வீசுவது ஏவலாள் வேலை என்பது அவர்கள் எண்ணம். அந்த ஏவல் வேலையிலிருந்தே இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர் தோன்றினார். இடக்கையால் மெதுவாக வீசுவார். வேகத்தையும் உயரத்தையும் மாற்றி மாற்றி, பந்தை இருபுறமும் திருப்புவார்.

பூனாவின் இந்துக்கள் கழகத்தில் பிராமணர்களே மிகுதி. வெள்ளையரை வெல்லவேண்டுமென்ற ஆசை ஒருபுறம், பாலுவைச் சேர்த்தால் தீட்டு என்ற அச்சம் மறுபுறம். ஆசையே வென்றது. பாலு களத்திற்குள் வந்தார். அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். ஆனால் தேநீர் வேளையில் மற்றவர்க்குப் பீங்கான் கோப்பை, இவருக்கோ மண்டபத்திற்கு வெளியே மண்குவளை. உணவும் தனித்தட்டில், தனியிடத்தில். சிரட்டையும் இரட்டைக் குவளையும் அறிந்த நம் பக்கத்துப் பெரியோர்க்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்கு உண்டாம்! சேர்ந்து ஆடலாமெனில் சேர்ந்து உண்ணவும் ஆகாதோ என்று நீதிபதி ரானடே வெளிப்படையாகவே எடுத்துரைத்தார் என்று கூறுவர்.

பூனாவில் பிளேக் நோய் பரவியபோது பாலு பம்பாய் சேர்ந்தார். அங்குள்ள இந்து ஜிம்கானாவிலும் உறுப்பினர் சிலரின் எதிர்ப்பைத் தாண்டியே இடம் கிடைத்தது. 1906 இல் ஐரோப்பியர் அணியை இந்துக்கள் அணி 109 ஓட்டங்களில் வென்றபோது அவரும் தம்பி சிவராமும் சேர்ந்து ஆடினர். 1911 இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலும் தோற்றே திரும்பியது. 35 வயதுப் பாலு மட்டும் அப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவருடைய முதல்தர ஆட்டங்கள் மொத்தம் 33, விக்கெட்டுகள் 179. ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக 15 ஓட்டங்களே கொடுத்திருக்கிறார். பயணம் முடிந்து திரும்பியவருக்குப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பளித்தனர். அந்த வரவேற்புரையை எழுதியவர் அன்று கல்லூரி மாணவராயிருந்த அம்பேத்கர் என்று ஆராய்ந்தோர் கருதுகின்றனர்.

இத்தனை புகழுக்குப் பின்னும் அணித்தலைமை மட்டும் பாலுவுக்குக் கிட்டவில்லை. அவரினும் திறமை குறைந்தோரெல்லாம் தலைவராயினர். 1920 ஆம் ஆண்டு நாற்கோணப் போட்டியில் பாலு அணியிலேயே சேர்க்கப்படவில்லை. தம்பியர்க்கும் தலைமை மறுக்கப்பட்டது. சிவராமும் விட்டலும் என்ன செய்தனர்? கெஞ்சவில்லை. காரணத்தை வெளிப்படையாக அறிக்கையில் எழுதிவிட்டு அணியிலிருந்து விலகினர். பம்பாய் நகரமே அதைப் பேசிற்று. முடிவில் சமரசம் ஏற்பட்டு, பாலு துணைத்தலைவரானார். தலைவர் பை, பார்சிகளுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே களத்தைவிட்டு நீங்கி, பாலு தலைமையேற்க வழிவிட்டார். 1923 இல் விட்டல் முழுத்தலைவராகி வெற்றி தேடித்தந்தார். அன்று மேல்சாதி ரசிகர்களே அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர்.

திறமை பாலுவைக் களம் வரை கொண்டுவந்தது. அதற்குமேல் அது கொண்டுபோகவில்லை. உடன்பிறந்தார் சேர்ந்து நின்று, எழுதிக் கேட்டபிறகே மேற்படி திறந்தது. எழுதத் தெரிந்திருந்தமையால் கேட்க முடிந்தது. அதனால்தான் இவ்வரலாற்றைக் கல்விச் சங்கத்தின் மேடையில் கூறத் துணிந்தேன். விட்டல் தோளில் ஏறி எட்டாண்டு சென்றபின், 1931 இல், நம் ஊர் அன்று அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்மேல் ஆதிக்கச் சாதியார் விதித்த பதினொரு தடைகளில் ஒன்று, அவர்கள் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பது! நம்மைத் தடுக்க நினைத்தோர்க்கும் எதைத் தடுக்கவேண்டும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

பாலுவின் அரசியலை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1932 இல் அவர் சென்னையின் எம்.சி.ராஜா பக்கம் நின்று, தனித்தொகுதி முறையை ஏற்கவில்லை. பூனா ஒப்பந்தத்தில் ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் அவர் கையொப்பமும் உள்ளது. 1937 இல் காங்கிரஸ் அவரைப் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்தே நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. நம் மக்களின் இருபெரும் செல்வங்களை எதிரெதிரே நிறுத்தியவர்களின் சாமர்த்தியத்தை எண்ணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. பாலு அதற்கு இசைந்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. எனினும் அந்த ஒன்றுக்காக அவரைத் தள்ளிவைக்க என் மனம் ஒப்பவில்லை. இளைஞர்கள் மாறுபடலாம், மாறுபட்டால் படித்துவிட்டு மாறுபடுங்கள்.

1955 ஜூலை 4 ஆம் நாள் பாலு காலமானார். நெடுங்காலம் அவர் பெயர் மங்கியே கிடந்தது. தம்பி விட்டல் 1948 இல் மராத்தியில் தம் ஆட்ட வாழ்வை எழுதிவைத்திருந்தார். அதனையும் பழைய செய்தித்தாள்களையும் துணைக்கொண்டு, 2002 இல் ராமச்சந்திர குஹா ஆங்கிலத்தில் வெளியிட்ட கிரிக்கெட் வரலாற்று நூலே அவரைப் பலர்க்கும் மீண்டும் அறிமுகப்படுத்தியது. அந்நூலின் படி ஒன்றை நம் சங்க நூலகத்திற்கு வாங்கித்தருமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலம் கடினமெனும் மாணவர்க்கு, ஞாயிறு மாலையில் வந்தால் நானே படித்துச் சொல்கிறேன்.